அடுப்படியையும் கணக்கில் எடுங்கள்

பத்தடிக்குப் பன்னிரண்டடி. லயக் காம்பராவின் அளவைக் கேட்டால் தோட்டத்துச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். படுக்கை, அலுமாரி, சாமிப்படம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அதற்குள்தான். அடுப்படிக்கு மிஞ்சுவது பின்பக்கத்து ஒதுக்கு, அல்லது அடைத்துக் கட்டிய இஸ்தோப்பு. அரிசி, கோதுமை மா, பானை சட்டி, தண்ணீர்க் குடம், விறகு எல்லாம் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. விடியுமுன் எழும்பி, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்திவிட்டுப் பிரட்டுக்கு ஓடும் தாய், உப்பு ரின்னைத் தேடும் நேரமும் கூலியில்லாத வேலைநேரம்தான்.

"இது வீட்டுப் பெண்களின் காரியம், இதில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். ஓர் அடுப்படியில் பற்றும் தீ அந்த அடுப்படியோடு நிற்பதில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் காம்பராக்களில் அது பரவிவிடுகிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேர்த்து வைத்த நகை நட்டு எல்லாம் சாம்பலாகின்றன. புகையின் கதையும் சிறியதல்ல. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆகவே இது தொழிலாளர் பிரச்சினைதான்.

இருக்கும் இடத்தில் நாமே செய்யக்கூடியவை உண்டு. அன்றைக்குத் தேவையான விறகை மட்டும் உள்ளே வையுங்கள். மிச்ச விறகும் கவ்வாத்து மிலாறும் வெளியே, கூரைச் சரிவின் கீழ், தரையில் படாமல் கல்மேல் அடுக்கப்படட்டும். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு பொறி போதும், அதை விட்டுவிடுவோம். மண்ணெண்ணெய்ப் போத்தலை அடுப்புப் பக்கமே வைக்கக் கூடாது. ஈரம் ஏறும் தரையில் அரிசி மூட்டையை வைக்காமல், மூடியுள்ள தகர ரின்னில் போட்டு, பலகைமேல் வையுங்கள். பாரமானது கீழே, தினமும் எடுப்பது கைக்கெட்டும் உயரத்தில், எப்போதாவது எடுக்கும் பெரிய பாத்திரம் மேல் தட்டில். சுவரில் இரண்டு பலகைத் தட்டு அடிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதை ஆண்கள் செய்யட்டும். மின்கம்பி போகும் இடத்தில் மட்டும் ஆணி அடிக்க வேண்டாம்.

ஆனால் தட்டு அடிப்பதால் காம்பரா பெரிதாகிவிடாது. கூரையை நீட்டவும் சுவரை மாற்றவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்ற நிலையில், "ஒழுங்காக அடுக்கி வையுங்கள்" என்று பெண்களுக்குப் புத்தி சொல்வதோடு நின்றால் அது நியாயமில்லை.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரசபை 1926 முதல் சாதாரண மக்களுக்குக் கட்டிய வீடுகளைப் பாருங்கள். மார்கரெட் ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் அவற்றின் சமையலறையை வரைந்தார். அகலம் ஆறடிக்குச் சற்று அதிகம், நீளம் பதினோரடி. நம் காம்பராவை விடச் சின்னது. ஆனால் சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணிப் பார்த்தே அடுப்பும் மேசையும் தொட்டியும் வைக்கப்பட்டன. மா, அரிசி, சீனிக்கெனத் தனித்தனி இழுப்பறைகளும் இருந்தன. அவையெல்லாம் வீட்டோடு சேர்ந்தே வந்தன. சின்ன வீடு கட்டுபவரே சாமான் வைக்கும் இடத்தையும் கட்டித்தர வேண்டும் என்பது நூறு வருடத்துக்கு முன்பே ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம்.

நம் மலையகத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடுகள் எழும்புகின்றன. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். பின்னர் 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தது மேலும் 10,000. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனாலும் குடிபோனவுடன் பின்பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு விறகடுப்பை அங்கே கொண்டுபோகும் குடும்பங்கள் எத்தனை! காஸ் வாங்க முடியாத வீட்டில் விறகுதான் எரியும். வீட்டுப் படம் வரைபவர்கள் இதை அறிந்து வரைய வேண்டும்.

ஆகவே மூன்று விடயங்களைக் கேட்போம். புதிய வீட்டின் படத்திலேயே புகைபோக்கியும் சுவர்த்தட்டும் விறகு வைக்கும் இடமும் இருக்க வேண்டும். லயன் திருத்தும்போது கூரைத் தகரத்தோடு அடுப்படியையும் திருத்த வேண்டும். படம் முடிவாகுமுன் அதில் சமைக்கப்போகும் பெண்களிடம் கேட்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் தத்தம் லயத்து அடுப்படிகளை அடிக்கோலால் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். வெறும் முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கலாம். காம்பரா காம்பராவாக எழுதிய அளவை அவ்வளவு இலேசாகத் தட்டிக்கழிக்க முடியாது.