போனஸ் என்னும் பெருக்கல் கணக்கு

“1,000 ரூபாய் செலுத்துங்கள், மேலும் 1,000 ரூபாய் போனஸ்” என்று இணையச் சூதாட்டத் தளங்கள் அழைக்கின்றன. அந்தப் போனஸை உடனே எடுத்துவிட இயலாது. ‘30 மடங்கு பந்தயம்’ என்னும் நிபந்தனை அதனுடன் பிணைக்கப்பட்டிருக்கும். அதாவது, மொத்தம் 30,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டிய பின்னரே பணம் கைக்கு வரும்.

கட்டும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியாக 96 ரூபாயைத் திருப்பித் தரும் ஆட்டம் என்று கொள்வோம். 30,000 ரூபாய்க்கு எதிர்பார்க்கத்தக்க இழப்பு 1,200 ரூபாய். பெற்ற போனஸைவிட அதிகம். செலுத்திய தொகையையும் சேர்த்து 30 மடங்கு என்றால் இழப்பு 2,400 ரூபாய். கணக்கிலுள்ள 2,000 ரூபாயையும் அது விஞ்சிவிடும். நிபந்தனையை நிறைவேற்றக் கெடுவும் உண்டு.

இதனைப் பரிசு என்று அழைப்பது பொருந்தாது என்பதே என் கருத்து. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் தடை செய்கிறது. அவற்றுக்கான பணப் பரிவர்த்தனைக்கு வங்கிகள் துணைநிற்பதையும் விலக்குகிறது. ஆயினும் வெளிநாட்டுத் தளங்களின் அழைப்பு உங்கள் கைப்பேசிக்கு வரக்கூடும். அப்போது சட்டத்தோடு பெருக்கல் வாய்ப்பாட்டையும் நினைவுகூருங்கள்.