மூன்று பரிசோதனைகளும் ஒரு மதிப்பெண்ணும்

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். அதை நகைத்து ஒதுக்கிவிட முடியாது. நான் வசிக்கும் திருவான்மியூரை அடுத்த தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிவியல் ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி தீநுண்மி தொற்றியவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து ஆராய்ந்தனர். அதன் முடிவை 1988-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. அத்தீநுண்மியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்கும் அக்கட்டுரையாசிரியர்களுள் ஒருவர். பிற்காலத்தில் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அதே பலனைக் காணவில்லை. மூலிகையின் தகுதி பற்றி அறிவியலாளர்கள் விவாதிக்கட்டும். என் கவலை, அதை மட்டும் நம்பிக் கழியும் நாள்களைப் பற்றியது.

காமாலை கண்டவர்களில் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுவர். சிலருக்கு மட்டும் கல்லீரல் செயலிழக்கும். அந்தச் சிலர் யார் என்பதை ரத்தமே ஓரளவு முன்னறிவிக்கிறது. பிலிருபின், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் கொண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக் வகுத்த 'மெல்டு' மதிப்பெண்தான், 2002 முதல் அந்நாட்டில் தானமாகக் கிடைக்கும் கல்லீரல் யாருக்கு முதலில் என்பதைத் தீர்மானிக்கிறது. தில்லியிலுள்ள கல்லீரல், பித்தநீர் அறிவியல் நிறுவனத்தை மையமாகக் கொண்ட ஆசியக் கூட்டமைப்பு, இவற்றோடு லாக்டேட் அளவையும் நோயாளியின் மனக்குழப்பத்தின் தரத்தையும் சேர்த்து 5 முதல் 15 வரையிலான மதிப்பெண்ணை உருவாக்கியது. அதில் கடைநிலையிலிருந்தோரில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் 28 நாள்களுக்குள் இறந்தனர். உச்ச நிலையிலிருந்தோரிலோ ஏழில் ஆறு பேர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 'வான் வில்லிபிராண்ட்' என்னும் ரத்தப் புரதத்தின் அளவும் பிழைப்பாரா என்பதைக் கணிக்க உதவுவதைக் காட்டியுள்ளனர்.

பொருளியல் ஆசிரியனாகிய எனக்கு இங்கே கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரை நினைவுக்கு வருகிறது. மருத்துவத்தில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு குடும்பம், நாற்பது வயதுகூட நிரம்பாத தலைமகனை மருத்துவமனையில் சேர்த்தது. இரண்டே வாரங்களில் நகைகளும் ஊரிலிருந்த நிலமும் கைவிட்டுப் போயின. பிலிருபின் எவ்வளவு என்று அவர்களுக்கு அன்றாடம் சொல்லப்பட்டது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று மட்டும் எவரும் விளக்கவில்லை. தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் உறவினரிடமிருந்து கல்லீரல் தானம் பெறுவது பற்றி யோசித்திருப்பார்கள். அல்லது எங்கே நிறுத்துவது என்றாவது முடிவெடுத்திருப்பார்கள். முடிவெடுக்க எதுவும் மிஞ்சாத நிலையில் வரும் கணிப்பால் யாருக்கு என்ன பயன்?

இதில் எச்சரிக்கையும் தேவை. மதிப்பெண் ஒரு கூட்டத்தின் நிகழ்தகவைச் சொல்கிறதே தவிர, தனியொருவரின் விதியை அன்று. முதல் நாள் எண்ணைவிட, முதல் வாரத்தில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே மிகுதியாகப் பேசும். தசை குறைந்த பெண்களின் கிரியாட்டினின் இயல்பாகவே தாழ்ந்திருப்பதால், பழைய மெல்டு அவர்களுடைய நோயின் கடுமையைக் குறைத்துக் காட்டியது. இருபது ஆண்டுகள் கழித்தே அக்குறையைத் திருத்திப் பாலினத்தையும் ஆல்புமினையும் சேர்த்தனர். அளவுகோலே ஓரவஞ்சனை செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மெல்டுக்கான மூன்று பரிசோதனைகளும் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே செய்யத்தக்கவை. காமாலையுடன் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே மதிப்பெண்ணைக் கணக்கிட்டு, குடும்பத்தாருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்து, குறித்த அளவைத் தாண்டினால் உடனே உயர் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று தமிழக அரசு ஆணையிடலாம். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு படிவமே போதும்.