50 வருஷத்து யெஸ்டியை மீட்டெடுத்து மண் பாதையில் ஓட்டலாமா? ஆர்.சி முதல் இ20 பெட்ரோல் வரை... விதிகள் சொல்வது என்ன?

கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும் ஜாவாவையோ யெஸ்டியையோ வெளியே இழுத்து, துரு எடுத்து, பெயின்ட் அடித்து, வார இறுதியில் மண் பாதையில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை இன்று பல இளைஞர்களுக்கு இருக்கிறது. நல்ல மெக்கானிக்கும் ஸ்பேர் பார்ட்ஸும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது.

கடந்த சில ஆண்டுகளில் மூன்று விஷயங்கள் மாறியிருக்கின்றன. 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்கென தனி விதிகள் வந்தன. 2025 ஆகஸ்ட்டில், 20 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் உயர்ந்தது. இடையில், 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடு முழுக்க வந்துவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சாதாரணம்தான். சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிச்சு விழுகிறது. விண்டேஜ் விதி வண்டியைப் பெரும்பாலும் நிறுத்தியே வைக்கச் சொல்கிறது. புதிய பெட்ரோலோ, நிறுத்தி வைத்த வண்டியைத்தான் முதலில் கெடுக்கிறது.

யெஸ்டிக்கும் மண் பாதைக்கும் என்ன சம்பந்தம்?

இது வெறும் ஸ்டைல் ஆசை இல்லை. மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா நிறுவனம், செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவாவிடம் உரிமம் பெற்று 1960-களின் தொடக்கத்தில் இங்கே பைக் தயாரிக்க ஆரம்பித்தது. 1973-க்குப் பிறகு அதே வண்டிகள் ‘யெஸ்டி’ என்ற பெயரில் வந்தன. 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

ஜாவாவும் அதன் சகோதர நிறுவனமான சி.இசட்டும் ஐரோப்பாவின் சேற்றுப் பந்தயங்களில் பெயர் வாங்கியவை. பெல்ஜியத்தின் ஜோயல் ராபர்ட் 1964-ல் 250 சிசி மோட்டோகிராஸ் உலக சாம்பியன் ஆனது சி.இசட் வண்டியில்தான். இந்தியச் சாலைக்கு வந்த 250 சிசி யெஸ்டி பந்தய வண்டி இல்லைதான். ஆனால், எளிமையான ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், உறுதியான ஃபிரேம், கிக்கரையே கியர் லீவராகவும் பயன்படுத்தும் வசதி என அந்தப் பரம்பரை அதில் தெரியும். 2022-ல் யெஸ்டி பெயர் திரும்ப வந்தபோது, ‘ஸ்கிராம்ப்ளர்’, ‘அட்வென்ச்சர்’ மாடல்களும் சேர்ந்தே வந்தன.

எது ‘விண்டேஜ்’?

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத டூவீலரும் காரும்தான் விண்டேஜ். 1975-ல் பதிவான யெஸ்டி 2025-ல்தான் அந்த வயதை எட்டியது. 1985-ல் அறிமுகமான ஆர்.எக்ஸ் 100 எல்லாம் 2035 வரை காத்திருக்க வேண்டும்.

புதிதாக விண்டேஜ் பதிவு வாங்கினால், ‘வி.ஏ’ என்ற எழுத்துகள் கொண்ட தனி நம்பர் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய்.

முக்கியமான நிபந்தனை இதுதான்: விண்டேஜ் வண்டியை ஆபீஸுக்கோ கடைக்கோ தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, சர்வீஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். ‘ஞாயித்துக்கிழமை சும்மா ஒரு ரைடு’ என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

அப்போ சாதாரண ஆர்.சி?

ஓட்டுவதற்காகவே மீட்டெடுப்பவர்களுக்கு இதுதான் பொருத்தமான வழி. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். 20 ஆண்டு கடந்த பைக்குக்கு இந்தக் கட்டணம்தான் 2025 ஆகஸ்ட்டில் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயானது. இறக்குமதி செய்யப்பட்ட டூவீலர் என்றால் 20,000 ரூபாய். பசுமை வரியும் இன்ஷூரன்ஸும் தனி.

கட்டணம் இரண்டு மடங்கானாலும், வி.ஏ பதிவுக்கு ஆகும் 20,000-த்தோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. அதோடு, எப்போது ஓட்டலாம் என்ற கட்டுப்பாடும் இதில் இல்லை. ஷோரூம் பொம்மை போல வைத்திருக்க வி.ஏ, ஓட்டுவதற்குச் சாதாரண ஆர்.சி என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஸ்கிராம்ப்ளராக மாற்றலாமா?

மட்கார்டை வெட்டுவது, சைலன்ஸரை மேலே தூக்குவது, பின்பக்க ஃபிரேமை அறுத்துச் சின்ன சீட் போடுவது... இணையத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இரண்டு விதிகள் குறுக்கே நிற்கின்றன.

ஒன்று, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு விண்டேஜ் அந்தஸ்து கிடையாது. இரண்டு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதனால், கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன்பே முடிவு செய்வது நல்லது. அறுத்த ஃபிரேமை ஒட்டலாம். போன ‘ஒரிஜினல்’ அந்தஸ்து திரும்பி வராது.

இ20 பெட்ரோல் என்ன செய்யும்?

2030-க்குள் எட்ட நினைத்த 20 சதவிகிதக் கலப்பை இந்தியா 2025-லேயே எட்டிவிட்டது. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு இதனால் மூன்று சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, கலவை. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. புதிய வண்டியில் சென்சார் அதைக் கணக்கிட்டுப் பெட்ரோலைக் கூட்டிவிடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. விளைவு, மெக்கானிக்குகள் சொல்லும் ‘லீன்’ நிலை: காற்று அதிகம், எரிபொருள் கம்மி. இன்ஜின் சூடேறும். ஏற்கெனவே பழைய கிராங்க் ஆயில் சீல் வழியாகவும் காற்று உள்ளே போனால், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். பலர் லேத் பட்டறையில் போரிங் போட்டு புது பிஸ்டன் மாட்டுகிறார்கள்; சில நூறு ரூபாய் சீலை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, ரப்பர். பழைய பெட்ரோல் ட்யூப், வாஷர், கேஸ்கெட் எல்லாம் எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பழைய வண்டிகளில் நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசே 2025-ல் சொல்லியிருக்கிறது.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி, தண்ணீர். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி மாதக்கணக்கில் நின்றால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க்கின் அடியில் தனியாகத் தங்கிவிடலாம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. அடியில் தங்கும் அந்தத் திரவத்தில் ஆயில் சரியாகக் கலக்காது. பெட்ரோல் டேப் திறந்ததும் முதலில் இன்ஜினுக்குப் போவது அதுதான்.

தீர்வு கடினமானது இல்லை. எத்தனாலைத் தாங்கும் ட்யூப், சீல் போடலாம். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டுவது பற்றி மெக்கானிக்கிடம் கேட்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால், டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடலாம். எல்லாவற்றையும்விட, வண்டியை அடிக்கடி ஓட்டுவதுதான் நல்லது. வி.ஏ பதிவு வைத்திருப்பவர்களுக்குச் சிரமமானதும் அதுதான்.

மண் பாதை எங்கே இருக்கிறது?

நீலகிரியிலோ கொல்லிமலையிலோ தெரியும் காட்டுப் பாதையெல்லாம் பொதுப் பாதை இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மிஞ்சுவது உரிமையாளர் சம்மதத்தோடு தனியார் நிலம், ஊராட்சி மண் சாலைகள், முறையான அனுமதியோடு நடக்கும் மோட்டார் ஸ்போர்ட்ஸ் நிகழ்ச்சிகள்.

வாங்கும் முன் கவனிக்க...

* ஆர்.சி இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். மீட்டெடுத்த பிறகு ரோட்டில் இறக்க முடியாமல் போகலாம்.

* சேஸி, இன்ஜின் நம்பர்கள் துருவில் அழியாமல், ஆர்.சி-யோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

* பழைய பதிவுகள் ஆன்லைனில் ஏறாமல் இருக்கலாம். சம்பந்தப்பட்ட ஆர்.டி.ஓ அலுவலகத்தில் முன்பே விசாரியுங்கள். வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று கட்டாயம்.

* வேலை தொடங்கும் முன் போட்டோ எடுங்கள், எல்லா பில்லையும் வையுங்கள். ‘ஒரிஜினல்’தான் என்று காட்ட அவைதான் உதவும்.

பெயின்ட் கடைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்துக்கு ஒருமுறை போய்விட்டு வந்தால், லட்ச ரூபாய் செலவழித்த வண்டி திரும்பவும் சாக்குக்கு அடியில் போகாது.