மட்டி அவிக்கும் பக்குவம்

மந்தபுத்தியுள்ளவனை "மட்டி" என்று ஏசுவது நம்மவர் வழக்கம். அப்பெயரைச் சுமந்து சேற்றுக்குள் வாழும் சிறு பிராணியோ அத்துணை மந்தமானதன்று. கைபட்டவுடன் தன் இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்ளும். இந்த ஒரு குணத்தை அறிந்துகொண்டால் மட்டி வாங்குவதிற் பாதி வித்தை கைவந்துவிடும். அவிப்பது எளிய காரியமே. எளியது என்ற அலட்சியத்தினாலேயே பல வீடுகளில் அது கெட்டுப்போவதையும் நாம் காண்கிறோம்.

திருகோணமலைத் துறைமுகம் ஆழத்துக்குப் பெயர் பெற்றது. மட்டிக்கு ஆழம் வேண்டுவதில்லை. சேறும் மணலும் கலந்த தாழ்ந்த நீரே அதன் வீடு. உட்டுறைமுகத்தோடு ஒடுங்கிய வாயினால் இணைந்து கிடக்கும் தம்பலகாமக் குடா அத்தகைய இடம். கண்ணாடிபோல் மெல்லிய ஓடுடைய முத்துச்சிப்பிக்கும் அக்குடா ஒருகாலத்திற் பெயர் பெற்றிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்னெல் என்னும் ஆராய்ச்சியாளர் அதுபற்றித் தனி அறிக்கையே எழுதினார். முத்தின் புகழ் மங்கியது. மட்டி இன்றும் நம் சட்டிக்கு வருகிறது. கிண்ணியாவை அண்டிய கரைகளில் நீரில் இறங்கிக் குனிந்து மட்டி எடுப்போரிற் பெண்கள் பலர். ஒரு கடகம் நிறைவதற்கு எத்தனை முறை முதுகு வளைய வேண்டும் என்பதை விலை பேசும்போது சற்றே நினைத்துக்கொள்வது நன்று. முன்னர் பாதையிலேறிக் கடந்து வரவேண்டியிருந்த சரக்கு, 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் விரைவாக நகரை அடைகிறது. மட்டியைப் பொறுத்தவரை இஃது ஒரு பெரிய நன்மை. ஏனெனில், செத்த மீனைச் சமைக்கலாம். செத்த மட்டியைச் சமைக்கலாகாது.

ஆகவே வாங்கும்போது ஒவ்வொன்றையும் பாருங்கள். வாய் பிளந்திருப்பதை மற்றொன்றினால் மெல்லத் தட்டினால், உயிருள்ளது மூடிக்கொள்ளும், மூடாததை ஒதுக்கிவிடுங்கள். ஓடு உடைந்ததும் வேண்டா. மிகச் சிறியவற்றை வாங்காதிருப்பது குடாவுக்கு நாம் செய்யும் உதவி. குஞ்சுகளை அள்ளிவிட்டால் வருகிற ஆண்டு எதைத் தின்பது?

இவற்றையெல்லாம்விட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. "எந்த இடத்தில் எடுத்தீர்கள்?" என்று விற்பவரைக் கேட்டேயாக வேண்டும். மட்டி நாள் முழுதும் நீரை உறிஞ்சி, வடித்து, அதிலுள்ள நுண்ணிய பொருள்களையே உண்டு வாழ்வது. நீரில் அழுக்கிருந்தால் அதன் வயிற்றிலும் அழுக்கிருக்கும். கப்பல்கள் தரிக்கும் இடத்தை அடுத்தும், நகரக் கழிவுநீர் கலக்கும் வாய்க்காலின் அருகிலும் எடுத்த மட்டி எத்துணை மலிவாயினும் வேண்டா. 1988ஆம் ஆண்டு சீனாவின் ஷங்காய் நகரில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் ஈரல் அழற்சி நோயினாற் படுக்கையில் வீழ்ந்தனர். கழிவுநீர் கலந்த இடத்தில் எடுத்த ஒருவகை மட்டியை அரைகுறையாக அவித்து உண்டதே காரணம். அங்கே நெருப்பு தன் வேலையைச் செய்ய விடப்படவில்லை.

நெருப்பினால் ஆகாத காரியமும் ஒன்றுண்டு. சில காலங்களிற் கடலில் நச்சு நுண்பாசி பெருகும். அதை உண்ட மட்டிக்கு ஒன்றும் நேராது. மட்டியை உண்டவருக்கோ உதடும் நாவும் விறுவிறுத்து, கைகால் சோர்ந்து, மூச்சே நின்றுவிடவுங் கூடும். தமிழ்நாட்டு வாயலூரில் 1981ஆம் ஆண்டு மட்டி உண்டவர்களில் மூவர் இறந்தது இதனாலேதான். எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. நீரின் நிறம் மாறியிருக்கும்போதும், மீன்கள் செத்து மிதக்கும்போதும் மட்டிமேல் ஆசை வைக்கவேண்டா. உண்டபின் உதடு விறுவிறுத்தால், கைவைத்தியம் பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

பயமுறுத்தியது போதும், அடுப்பங்கரைக்கு வருவோம்.

நால்வர் உள்ள வீட்டுக்கு ஓட்டோடு 2 கிலோ மட்டி வேண்டும். சதை அதிற் சிறு பங்கே. ஓடுகளைத் தேய்த்துக் கழுவி, அகன்ற பாத்திரத்தில் உப்புநீரில் இடுங்கள். 1 லீற்றர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு அளவாகும். வெறும் நன்னீரில் இட்டால் மட்டி வாய் திறவாது, மணலும் வெளிவராது. இரண்டு மூன்று மணி நேரம் சென்றபின் கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தோடு கவிழ்த்துவிட்டால், பாடுபட்டுக் கக்கவைத்த மணலை மறுபடியும் அதன் தலையிலேயே கொட்டியதாகும்.

இனிச் சட்டியில் அரைக் கோப்பை நீர் மாத்திரம் விட்டு, தட்டிய இஞ்சி, உள்ளி, நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை ஆகியவற்றை இட்டுக் கொதிக்க விடுங்கள். உப்புப் போடவேண்டா, மட்டியே தன்னுள் கடலைக் கொண்டுவருகிறது. நன்கு கொதித்ததும் மட்டியைக் கொட்டி, இறுக மூடி, நெருப்பை ஓங்க விடுங்கள். இதன் ஓடுகளைப் பிணைக்கும் கீல் வில்லைப்போல் எப்போதும் திறக்கவே பார்க்கும்; உள்ளேயிருக்கும் தசைதான் இழுத்து மூடி வைக்கிறது. சூட்டில் அத்தசை தளர்ந்ததும் ஓடு விரிகிறது. விரிந்ததைக் கண்டவுடன் இறக்கிவிடுவோர் பலர். ஓடு திறப்பது வேக்காட்டின் தொடக்கமேயன்றி முடிவன்று. மேலும் 3 முதல் 5 நிமிடம் மூடியோடு இருக்கட்டும். அதற்குமேல் விட்டால் சதை றப்பர்போலாகிவிடும். வாய் திறவாமல் நிற்பதைக் கத்தியால் நெம்பவேண்டா. சில வேளைகளில் அது சேறு நிறைந்த வெற்றோடாயிருக்கும். திறந்துகொண்டால் சட்டி முழுவதும் சேறாகிவிடும்.

அடியிலே தங்கும் சாற்றை வீணாக்குவது பெரும் பாவம். துணியில் வடித்து, அடிமண்டியை விட்டுவிட்டு, தெளிந்ததைத் தனியே எடுங்கள். அதிற் சிறிது மிளகுத்தூள் தூவித் தேசிக்காய்ப் புளி விட்டுக் குடிக்கலாம். தேங்காயின் முதற்பாலைச் சேர்த்து ஒரு கொதி வருமுன் இறக்கினால், பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஏற்ற சொதியாகும்.

பரிமாறும் முறையிலும் ஒரு வார்த்தை. உள்ளே சதையைக் கழற்றித் தட்டில் வைத்துக் கொடுப்பதை நாம் விரும்புவதில்லை. சட்டியோடு நடுவில் வைத்து, வெற்றோட்டுக்கு ஒரு சுளகை அருகில் வைத்துவிடுங்கள். ஒரு மட்டியைத் தின்று முடித்த ஓட்டையே இடுக்கியாக்கி மற்றதன் சதையைப் பிடுங்கச் சிறுவர்களுக்குக் காட்டிக் கொடுத்தால், அவர்கள் பேசாமல் இருந்து உண்பார்கள். ஓட்டு மீன் ஒவ்வாத உடம்புடையோருக்கும் ஈரல் நோயுடையோருக்கும் வேறு கறி சமைத்து வையுங்கள். மீதியை மறுநாளுக்கு வைக்காமல் அன்றே தின்று தீர்ப்பது நலம். ஓடுகளைக் கழுவிக் காயவைத்துக் கோழிக்கூட்டினருகே நொறுக்கிப் போட்டால், கோழிகள் கொத்தித் தின்னும். முட்டையோடு தடிப்பாக அமையும்.