சொல்லாவிட்டால் தலை வெடிக்கும்

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஹெட்கிளார்க் என்னிடம் "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். "காட்டூர் சார்" என்றேன். மேலே சுற்றிய ஃபேன் சத்தத்தில் அவர் காதில் அது "காட்டேரி" என்று விழுந்துவிட்டது. அவர் ரிட்டையராகிப் பல வருடமாகிறது. அந்தப் பழைய ஃபேனையும் கழற்றிவிட்டார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அடுத்த வருடம் எனக்கு மாலை போட்டு அனுப்பும்போதும் பின் வரிசையிலிருந்து எவனாவது "காட்டேரி சார் வாழ்க!" என்று கத்தத்தான் போகிறான்.

போன வாரம் பொன்னேரியில் லோக்கல் ரயில் பிடித்தேன். எதிர் சீட்டில் எங்கள் செக்‌ஷன் பையன் செல்போனில் எதையோ படித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னப்பா என்றேன். வெளிநாட்டு ரத்தக் காட்டேரிக் கதையாம். காட்டேரிக்குக் காதல், காதலில் காமெடி, அதுவும் தொடர்கதை. 'ட்வைலைட்' என்ற நாவல் 2005-ல் வந்து சக்கைப்போடு போட்டதிலிருந்து அங்கே காட்டேரிகள் கழுத்தைக் கடிப்பதைக் குறைத்துக்கொண்டு காதலிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். "ஏன் சார், உங்க ஊர்ல உங்காளுங்க லவ் பண்ண மாட்டாங்களா?" என்றான். பெட்டியே சிரித்தது.

தம்பி, நம்மிடம் அந்தச் சரக்கு ஆயிரம் வருடமாக இருக்கிறது. அதற்குப் பெயர் வேதாளம்.

பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே விக்கிரமன்-வேதாளம் கதைகள் வந்துவிட்டன. பிணத்துக்குள் புகுந்துகொண்டு, மரத்தில் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்குகிற ஆசாமி. ரத்தம் குடிக்காது. ஆனால் ரம்பம் போடும். 1870-ல் ரிச்சர்ட் பர்ட்டன் என்ற வெள்ளைக்காரர் இதில் பதினொரு கதைகளைத் தன் இஷ்டத்துக்கு மசாலா சேர்த்து எழுதி, 'விக்ரமும் வாம்பயரும்' என்று தலைப்பும் வைத்தார். டிராகுலா புத்தகமாக வந்தது 1897-ல்தான். எழுதிய பிராம் ஸ்டோக்கருக்கு பர்ட்டனை நேரிலேயே தெரியும். பர்ட்டன் பேசும்போது உதடு மேலே ஏறிக் கோரைப்பல் முழுசாகத் தெரிந்ததை ஸ்டோக்கர் 1906-ல் எழுதிய வேறொரு புத்தகத்தில் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார். அதிலிருந்துதான் டிராகுலாவுக்குப் பல் முளைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னால் தடுக்கவும் மாட்டேன்.

பர்ட்டனுக்கும் முன்னால் ஒருவர் உண்டு. சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்த பாபிங்டன். தமிழ் வேதாளக் கதையை 1831-லேயே இங்கிலீஷில் போட்டவர். உத்தியோகத்தை விட்டபின் டாக்டருக்குப் படித்து, தொண்டைக்குள் எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடிக் கருவியும் செய்தார். வாயைத் திறந்தால் வேதாளம் ஓடிவிடும் என்ற கதையை வரிவரியாக மொழிபெயர்த்தவருக்கு, திறந்த வாய்க்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது நியாயம்தானே?

எனக்கு வேதாளம் வந்து சேர்ந்தது அம்புலிமாமா வழியாக. 1947-ல் தொடங்கிய பத்திரிகை. இப்போது வருவதில்லை. தோளில் பிணம், கையில் வாள், சுற்றிலும் மண்டையோடு என்று 'சங்கர்' வரைந்த அந்தப் படம் நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் கண்ணுக்குள் இருக்கும். சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன் 2020-ல் காலமானார். பத்மஸ்ரீ 2021-ல் வந்தது. நம் ஊரில் விருதுகள் வழக்கமாகப் பிடிக்கும் பஸ் அதுதான். பழைய கதைகள் தீர்ந்த பிறகும் பத்திரிகை விடவில்லை. புதுசு புதுசாகக் கதை கட்டி, கடைசியில் ஒரு கேள்வியும் வைத்து, மாதாமாதம் வேதாளத்தை மரத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் ஊர் டீக்கடையில் பழைய அம்புலிமாமாக்கள் ஒரு கட்டு உண்டு. பஜ்ஜி மடிக்க வாங்கியது. படித்து முடித்த பக்கத்தில்தான் பஜ்ஜி மடிக்க வேண்டும் என்பது டீ மாஸ்டரின் சட்டம். பழவேற்காடு ஏரியை நம்பிய மீனவ கிராமங்களில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்கு முறை வைத்துக்கொள்வது. இன்று உனக்கு, நாளை எனக்கு. பாடு இல்லாதவர்களுக்கு அன்று பொழுது போகாது. அவர்கள்தான் டீக்கடை நீதிபதிகள். நான் சத்தம் போட்டுப் படிப்பேன். வேதாளத்தின் கேள்வி வந்ததும் நிறுத்த வேண்டும். ராஜாவின் பதிலைப் படிக்கவே விடமாட்டார்கள். "அவன் கெடக்கிறான், நான் சொல்றேன் கேளு" என்று ஆரம்பிப்பார் ஒரு பெரியப்பா.

ஒருநாள் மந்தாரவதி கதை. ஒரு பெண்ணுக்கு மூன்று பேர் ஆசைப்படுகிறார்கள். அவள் செத்துப் போகிறாள். ஒருத்தன் சுடுகாட்டிலேயே அவள் சாம்பல்மேல் படுத்துக் கிடக்கிறான். இன்னொருத்தன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான். மூன்றாவது ஆசாமி ஊர் சுற்றிவிட்டு, செத்தவரை எழுப்புகிற மந்திரத்தோடு வருகிறான். எழுந்து உட்கார்ந்தவள் யாருக்கு மனைவி? தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை சுக்குநூறாக வெடிக்கும்.

"மந்திரக்காரனுக்குத்தான். அவன் இல்லேன்னா சாம்பல் சாம்பலாவே கெடந்திருக்கும்" என்றார் பெரியப்பா.

"கங்கைக்குப் போய்வர இன்னா செலவுன்னு தெரியுமா உனக்கு? எலும்புக்காரன்தான்" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த மாமா. அவர் மெட்ராஸுக்குப் போய்வந்த பஸ் செலவையே ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பவர்.

"சாம்பல்ல படுத்தவன்?" என்றேன்.

"வேலவெட்டி இல்லாதவன் எப்பவும் பக்கத்துலயேதான்டா இருப்பான். அது ஒரு தகுதியா?"

ராஜாவின் தீர்ப்பு சாம்பல்காரனுக்குத்தான். உயிர் கொடுத்தவன் அப்பா மாதிரி, எலும்பைக் கரைத்தவன் பிள்ளை மாதிரி, கூடவே கிடந்தவன்தான் புருஷன். படித்ததும் பெரியப்பா டீ கிளாஸை ணங்கென்று வைத்தார். "ராஜாவுக்கு இன்னா தெரியும்? இவன் ஏரில எறங்கியிருக்கானா?"

அப்போது தூக்கோடு டீ வாங்க வந்து நின்றிருந்த என் அத்தை மகள் கேட்டாள்: "எழுந்து ஒக்காந்தாளே, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

டீக்கடையே கப்சிப். பாய்லர் மட்டும் புஸ்ஸென்றது. மாஸ்டர் அவள் தூக்கில் கூட ஒரு கிளாஸ் டீ ஊற்றினார். எங்கள் ஊரில் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ளும் முறை அது.

ராஜாவே திணறிய கடைசிக் கதையை எங்கள் ஆயா ஒரு வெற்றிலைக்குள் முடித்தாள். ஒரு அப்பாவும் பிள்ளையும் காட்டில் இரண்டு பெண்களின் காலடியைப் பார்க்கிறார்கள். பெரிய காலடிக்காரி அப்பாவுக்கு, சின்னக் காலடிக்காரி பிள்ளைக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரிய கால் மகளுடையது, சின்னக் கால் அவள் அம்மாவுடையது! வாக்கு வாக்குதான். அப்பா மகளைக் கட்ட, பிள்ளை அம்மாவைக் கட்ட, ஆளுக்கொரு குழந்தை. இரண்டு குழந்தைகளுக்கும் என்ன உறவு? பதில் தெரியாமல் ராஜா வாயை மூடிக்கொண்டு நடக்கிறார். வேதாளமும் மனமிரங்கி, சாமியார் உன்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று ரகசியத்தைச் சொல்லிவிடுகிறது.

ஆயா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கணக்குப் போட்டாள். "அப்பனுக்குப் பொறந்தவன் புள்ளைக்குத் தம்பி. அப்போ புள்ளையோட புள்ளைக்கு அவன் சித்தப்பன். அந்தாண்ட பாரு. ஆத்தாக்காரிக்குப் பொறந்தவன் பொண்ணுக்குத் தம்பி. அப்போ பொண்ணோட புள்ளைக்கு இவன் தாய்மாமன். அவன் இவனுக்குச் சித்தப்பன், இவன் அவனுக்கு மாமன். காதுகுத்துக்கு இவன்தான் சீர் கொண்டாரணும். இதுல இன்னாடா கஷ்டம்?"

காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தேன். அத்தனையும் சரி. விக்கிரமன் இடத்தில் ஆயா இருந்திருந்தால் வேதாளம் இன்னும் முருங்கை மரத்திலேயே இருந்திருக்கும்.

1985-ல் தூர்தர்ஷனில் ராமானந்த சாகர் விக்ரம்-பேத்தாள் போட்டார். இந்தி புரியாததால் எங்கள் ஊர் நீதிபதிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2017-ல் 'விக்ரம் வேதா' வந்தபோது, போலீஸ்காரனிடம் ரௌடி கதை சொல்லிக் கேள்வி கேட்பதைப் பார்த்து, இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்ற பையன்கள் யார் சரி என்று அடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த டீக்கடை ஞாபகம் வந்தது.

ரயில் பையன் விடவில்லை. "வேதாளம் சாபம் உண்மையா சார்? தெரிஞ்சு சொல்லலேன்னா தலை வெடிக்குமா?"

ஆபீஸ் மீட்டிங்கில் வாயைத் திறந்தால்தான் தலைக்கு ஆபத்து என்று சொல்லி மழுப்பினேன். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்து இன்னும் கன்ஃபர்ம் ஆகாத சமயம். அத்தை மகளுக்கு வரன் பார்த்தார்கள். அங்கேயும் மூன்று பேர். பொன்னேரிப் பக்கம் ஒரு இறால் வியாபாரி, மீஞ்சூரில் ஒரு மெக்கானிக், முறைப்படி நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்தாள். தூக்கு இல்லை. டீ வாங்க வந்தவள் இல்லை.

"மாமா, பதில் தெரியுமா, தெரியாதா?"

தெரியும். சாம்பல்காரன்கூட அவ்வளவு நிச்சயமாக இருந்திருக்க மாட்டான். ஆனால் சம்பளம் எவ்வளவு, தங்கைக்கு என்ன செய்வது, கன்ஃபர்ம் ஆகாவிட்டால் என்ன என்று அந்த நேரத்தில் மண்டைக்குள் ஆயிரம் வேதாளம். "பெரியவங்க சொல்றபடி" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்தாள். பஸ் வந்துவிட்டது.

பெரியவர்கள் மெக்கானிக் என்று சொன்னார்கள். இந்தத் தடவை அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சொன்னார்கள். நல்ல மனுஷன். இன்றைக்கும் என் ஸ்கூட்டருக்குக் காசு வாங்குவதில்லை.

மூத்த பையனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். ஒரு மோதிரம் வாங்கிக்கொண்டு போனேன். மனைப் பலகைக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்ததால் போய் உட்கார்ந்தேன். ஆயா பார்த்துவிட்டாள். அந்த வயதிலும் கணக்கில் பிசகு கிடையாது.

"மாமன் மடின்னா அவ அண்ணன் மடிடா. நீ அவள கட்டிக்கிற மொறை. அப்போ புள்ளைக்கு நீ அப்பன் மொறை. தள்ளி ஒக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன்.