எருக்கலையை முழுவதும் அழிக்க வேண்டுமா?

ஒருவரின் வளவில் எருக்கலை முளைக்கட்டும் என்று சொல்வது நம்மிடையே சாபம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்குப் பல வருடங்களின் பின்னரே காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பிப் போனவர்களைப் பற்றைகள்தான் வரவேற்றன. கத்தியை எடுத்ததும் முதலில் எருக்கலையை வெட்டத் தோன்றுவது இயல்பே. காணிக்காக இன்னும் காத்திருப்போரும் கேட்கும்படி ஒன்று சொல்கிறேன்: தோட்டத்தினுள் நிற்பதைப் பிடுங்குங்கள், வேலியோரத்தில் நாலைந்தை விட்டுவையுங்கள்.

அதன் பால் நஞ்சு என்பது உண்மை. மாடும் அதனைத் தொடாது. ஆனால் கறுப்புக் கரையிட்ட செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி தேடிவந்து முட்டையிடுவது அந்த இலையில்தான். அதன் புழு இலையைத் தின்று நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். அப்பூச்சியைப் பிடித்துத் தின்னும் குருவி வாந்தியெடுக்கும். மறுமுறை கிட்டப் போகாது. நஞ்சேயில்லாத வேறொரு இனத்தின் பெண்பூச்சி இதே நிறத்தைப் பூண்டு தப்பிக்கொள்கிறது. கெட்டிக்காரிதான்!

வண்ணத்துப்பூச்சியால் வயிறு நிறையுமா என்று கேட்பீர்கள். மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டைப் பாருங்கள். எருக்கலைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது அதுவே. முருங்கைக்கும் கத்தரிக்கும் கொடித்தோடைக்கும் வருவதும் அதுவே. வருடம் முழுவதும் பூக்கும் எருக்கலை, தோட்டத்தில் பூவில்லாத மாதங்களில் அதற்குத் தேன் கொடுக்கும். எருக்கலையில் மொய்க்கும் மஞ்சள் அழுக்கணவன் பெரும்பாலும் அதன் இனச் செடிகளிலேயே பெருகும். அதைத் தின்ன வரும் பொறிவண்டு பயற்றையில் உள்ள அழுக்கணவனையும் தின்னும்.

அமெரிக்கப் புல்வெளிகளில் எருக்கலையின் உறவான பாற்செடி ஒன்று உண்டு. மொனாக் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதுவே உணவு. களைநாசினியைத் தாங்கும் சோயா விதை 1996இல் அங்கே விற்பனைக்கு வந்தது. பின்னர் அவ்வாறான சோளமும் வந்தது. வயல்களில் நின்ற பாற்செடி பெரும்பாலும் அழிந்தது. மெக்சிக்கோவில் மாரியைக் கழிக்கும் மொனாக்கின் தொகையும் வெகுவாகக் குறைந்தது. இப்போது விதை வாங்கித் தெருவோரங்களில் அதனை நடுகிறார்கள். நமக்கோ அது சும்மா நிற்கிறது.

காய் வெடித்துப் பஞ்சு பறக்குமுன் அறுத்துவிட்டால் தோட்டத்துக்குள் பரவாது. வெட்டும்போது பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். பால் கண்ணில் பட்டால் நோவில்லாமலே பார்வை மங்கலாம். நோகவில்லையே என்று இருந்துவிடாமல், நிறையத் தண்ணீரால் கழுவி உடனே ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.