கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், மாமா!

எங்கள் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் அந்தச் செய்தி முதலில் கடைக்குத்தான் வரும். கடை மாமா முன்வாசல் பலகைகளில் இரண்டை மட்டும் எடுத்து மாட்டிவிடுவார். கடை பாதி திறந்திருக்கும், பாதி மூடியிருக்கும். அதைப் பார்த்தாலே போதும். வேலைக்காட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்புகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "யாரு மாமா?" என்று கேட்பார்கள். எந்த வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்து வந்துவிட்டார்களா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பந்தல் போடவும் நாற்காலி ஏற்றவும் வேண்டிய ஆள்களும் அங்கேயே சேர்ந்துவிடுவார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டம். அங்குள்ள கடையின் பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. தமிழ்ப்பள்ளிக்கு வெள்ளைப் பலகை வந்தபோது கழித்துப் போட்டதை மாமா கேட்டு வாங்கி மாட்டிய பலகை அது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதில் பாதி அதில்தான். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், கோத்தோங் ரோயோங், இன்னார் வீட்டுப் பதினாறாம் நாள் காரியம் என்று வரிசையாக இருக்கும். நடுநடுவே, 'ஆட்டுக்கிடாய் இரண்டு விற்பனைக்கு', 'பசும்பால் காலையில் மட்டும்', 'நாட்டுக்கோழி முட்டை, கடைசி லயத்தில் கேட்கவும்' என்று வியாபாரமும் இருக்கும். ஒருமுறை யாரோ 'கிடாய்' என்பதில் துணைக்காலை விட்டுவிட்டு எழுதியிருக்க, இரண்டாம் ஆண்டு மாணவியான நான் நாற்காலி போட்டு ஏறித் திருத்தினேன். அதற்காக மாமா ஒரு மிட்டாய் கொடுத்தார். என் தமிழுக்குக் கிடைத்த முதல் பரிசு அதுதான்.

அந்தக் கடை மூடப்படலாம் என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். 'தோட்டங்கள் அழிகின்றன, நம் வாழ்க்கை முறை அழிகிறது' என்று இன்னொரு புலம்பலா என எண்ணி வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடை ஏன் மூடப்படுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதில் என் குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்பதும் காசு வரைக்கும் தெரியும். 386 வெள்ளி 40 காசு.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பட்டணத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன். சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய குறிப்புப் புத்தகம் அது. அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். மலாய்க்காரர்கள் 'புக்கு தீகா லீமா' என்பார்கள். கடையில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். சம்பளம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிடும். 20-ஆம் தேதிக்கு மேல் எந்த வீட்டிலும் கையில் காசு இருக்காது. "மாமாகிட்ட கணக்குல எழுதிக்கச் சொல்லு" என்று அம்மா என்னை அனுப்புவார். மாமா காதில் செருகிய பேனாவை எடுத்து எழுதுவார். வட்டி என்று ஒரு காசு சேர்த்ததில்லை.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தேன். வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்கப் போகலாம், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள்தான் என்று பிறகு அறிவித்தார்கள். தெலுக் இந்தானில் உள்ள பேரங்காடிகள் அந்த எல்லைக்கு அப்பால் போய்விட்டன. அந்த மாதங்களில் தோட்டத்து அடுப்புகள் எரிந்தது இந்த ஒரு கடையால்தான். பள்ளிப் பாடமும் இயங்கலைக்கு மாறியது. வீட்டில் இணையம் இல்லை, அம்மாவின் கைப்பேசி மட்டும்தான். எங்கள் 555 புத்தகத்தின் அந்த ஆண்டுப் பக்கங்களைச் சமீபத்தில் பார்த்தேன். அரிசி, கோதுமை மாவு, டாப்-அப் 10, டாப்-அப் 10, கருவாடு, டாப்-அப் 10 என்று போகிறது. எஸ்.பி.எம். தேர்வு 2021-க்குத் தள்ளிப்போனதால் டாப்-அப் கணக்கும் நீண்டது. தேர்வு முடிவு வந்த பிறகு எங்கள் கோயிலில் மாலை போட்டுப் பேசச் சொன்னார்கள். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி சொன்னேன். கூட்டத்தில் பின்னால் நின்றுகொண்டிருந்த மாமாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 'சாரா' திட்டத்தின்கீழ் அரசாங்கம் ஒரு முறை உதவியாக 100 வெள்ளி வழங்கியது. ரொக்கமாக அல்ல. அடையாள அட்டையைக் காட்டி, பதிவு பெற்ற கடைகளில் மட்டும் அடிப்படைப் பொருள்கள் வாங்கிக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் நான் வீட்டிற்குப் போயிருந்தபோது அப்பா, அம்மா, நான் என்று மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அண்ணனின் காரில் தெலுக் இந்தானுக்குப் போனோம். அரிசி, மாவு, முட்டை, பிஸ்கட் என்று வண்டியின் பின்பகுதி நிறைந்துவிட்டது. திரும்பி வரும்போது கடையை நெருங்குகையில் அம்மா என்னிடம், "கண்ணாடிய ஏத்திவிடு" என்றார். வெயில் இல்லை, மழையும் இல்லை. நான் ஏற்றிவிட்டேன். யாரும் எதுவும் பேசவில்லை.

அந்த 300 வெள்ளியை மாமாவின் கடையில் செலவழிக்க நாங்கள் விரும்பியிருந்தாலும் முடிந்திருக்காது. அடையாள அட்டையைப் படிக்கும் கருவி அங்கு இல்லை. ஏழைகளுக்குக் கொடுக்கும் பணம் ஏழைகளின் ஊரைத் தொடாமல் பட்டணத்துப் பேரங்காடிக்குப் போய்ச் சேர்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சிறு கடைகளும் பதிந்துகொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் 60 வயதைத் தாண்டிய, எல்லாவற்றையும் பேனாவால் எழுதிப் பழகிய மனிதருக்கு அந்த விண்ணப்பத்தை யார் நிரப்பித் தருவது? நான் நிரப்பித் தந்திருக்கலாம். பல்கலைக்கழகத்தில் அதைவிடக் கடினமான படிவங்களை நிரப்பியிருக்கிறேன். 'மாமா, பதிஞ்சிட்டீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆனால் கார்க் கண்ணாடி ஏறியது சாராவினால் அல்ல. 386 வெள்ளி 40 காசினால்தான். கடன் உள்ள கடையைக் கடந்து ரொக்கத்துக்கு வேறிடம் போகிற பழக்கம் எங்களுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. சம்பளம் வந்த வாரம் பேரங்காடி, சம்பளம் தீர்ந்த வாரம் மாமா கடை. எங்கள் வீடு மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லா வீடுகளும் அப்படித்தான்.

மறுதரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மாமா கடையில் பத்துக் கிலோ அரிசி பட்டணத்தைவிட மூன்று, நான்கு வெள்ளி கூடுதல். காய்கறி சில நாள்களில் வாடிப்போயிருக்கும். வரவு செலவு பார்த்துக் குடும்பம் நடத்துகிற ஒரு தாயை, 'ஊர்ப் பற்றுக்காக நான்கு வெள்ளி அதிகம் கொடு' என்று கேட்க எனக்கு உரிமையில்லை. கடைக் கடன் என்பது புனிதமான பொருளும் அல்ல. கங்காணிகள் கடையும் வைத்து, வட்டிக்கும் கொடுத்து, பாட்டன் பூட்டன் காலத்தில் ஆள்களைக் கட்டிப்போட்ட கதையை நாம் படித்திருக்கிறோம். அந்தக் காலத்தில் கடை வலுவானது, வாங்குகிறவன் எளியவன். இன்று எங்கள் தோட்டத்தில் அது தலைகீழாகிவிட்டது. மாமா மொத்த வியாபாரியிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார். பழைய வேனுக்குத் தாமே எண்ணெய் ஊற்றுகிறார். விற்ற பொருளுக்குப் பணம் வர இரண்டு மாதம் காத்திருக்கிறார். அரிசியில் உள்ள அந்த நான்கு வெள்ளி வேறெதுவும் இல்லை, அவர் காத்திருப்பதற்கான கூலி. நாம் காத்திருப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், கூலியைக் கொடுக்க மறுக்கிறோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை செய்து விற்பார். கரும்பலகையில் எழுதி வைத்து ஆர்டர் எடுப்பார். ஒரு டின் முறுக்கு 25 வெள்ளி. 2024 தீபாவளிக்கு வாங்கியவர்களில் ஒன்பது வீட்டார் அடுத்த தீபாவளி வரும்வரை பணம் கொடுக்கவில்லை. 225 வெள்ளி! கேட்டால், "நம்மாளுதானே, எங்கக்கா ஓடிப் போயிடப் போறோம்?" என்பார்கள். சிலர், "நம்மாளுக்கே 25 வெள்ளியா? 20 போடுங்க" என்பார்கள். இதே வீட்டு வாசல்களில் சீனர் ஒருவர் வாரம் இருமுறை வேனில் மீன் கொண்டுவருகிறார். கோர்ன் அடித்தவுடன் எல்லாரும் காசை எண்ணி எடுத்துக்கொண்டு போகிறார்கள். ரொட்டிக்காரருக்கும் அப்படியே. பேரங்காடியில் காசாளரிடம், 'நம்மாளுதானே, குறைத்துப் போடுங்கள்' என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா அந்த முறுக்குக்கு வேண்டிய மாவையும் எண்ணெயையும் வாங்கியது மாமா கடையில், கடனுக்கு. ஒன்பது வீட்டார் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. அம்மா மாமாவுக்குக் கொடுக்கவில்லை. அந்த ஒன்பது வீட்டாரின் 555 புத்தகங்களும் மாமாவிடம்தான் இருக்கின்றன. வெளியே போகிற பணம் ரொக்கமாகப் போகிறது. எங்களுக்குள் சுற்ற வேண்டிய பணம் மட்டும் பேனா மையாகச் சுற்றுகிறது. 'நம்மாளு' என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் இப்போது இருக்கும் பொருள், இவருக்குக் கடைசியாகக் கொடுத்தால் போதும் என்பதுதான்.

1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடப்படவிருந்த தோட்டங்களை அந்தத் தொழிலாளர்களின் பணத்திலேயே வாங்கினார்கள் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். நம் மொழிக் கழக நிகழ்ச்சிகளிலும் பேசியிருக்கிறோம், கைதட்டியிருக்கிறோம். நாட்டின் பங்குடைமையில் நம் விழுக்காடு எவ்வளவு என்று கவலைப்படுகிறோம். நல்லதுதான். ஆனால் கைதட்டிவிட்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு, நம் வீட்டு 555 புத்தகத்தில் எவ்வளவு நிற்கிறது என்பது தெரியும்? பி.டி.பி.டி.என். கடனைக் கட்டாவிட்டால் கடிதம் வரும் என்று அஞ்சுகிறோம். 555 கடிதம் போடாது. கடைக்காரர் ஒரு நாள் எல்லாப் பலகைகளையும் மாட்டிவிடுவார், அவ்வளவுதான்.

என் கருத்து எளியது. சம்பளம் வந்ததும் பேரங்காடிக்குப் போங்கள், தடுக்கவில்லை. போகும் வழியில் 50 வெள்ளியைப் புத்தகத்தில் கழித்துவிட்டுப் போங்கள். முறுக்குக்கு ஆர்டர் கொடுக்கும்போதே பணத்தைக் கொடுங்கள், கேட்ட விலையைக் கொடுங்கள். விலை பிடிக்கவில்லையென்றால் வாங்காதீர்கள், அதில் தவறில்லை. படித்த பிள்ளைகள் கடைக்காரரின் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். இதற்குச் சங்கமும் வேண்டாம், மாநாடும் வேண்டாம்.

மறுநாள் காலையில் டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் 200 வெள்ளியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மாமா மூன்று பிஸ்கட் டின்கள் நிறைய 555 புத்தகங்களை வைத்திருந்தார். எல்லாவற்றையும் கூட்டினால் பதினோராயிரம் வெள்ளிக்கு மேல் வரும் என்றார், ஏதோ மழை பெய்யும் என்று சொல்வதைப் போல. எங்கள் புத்தகத்தைத் தேடி எடுத்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டு அடித்தார். கடைசியில் 186.40 என்று எழுதி வட்டமிட்டார். சாரா விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டேன். "இனிமே எதுக்கு பாப்பா? திருவிழா வரைக்கும் பார்ப்போம்" என்றவர், சற்றுப் பொறுத்து, "டாப்-அப் வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வெளியே வந்து கரும்பலகையைப் பார்த்தேன். அம்மாவின் கையெழுத்தில், 'முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை ஆர்டர் எடுக்கப்படும்' என்று இருந்தது. சுண்ணக்கட்டியை எடுத்து அதன் கீழே 'ரொக்கம் மட்டும்' என்று எழுதினேன். அம்மா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. முந்தைய ஆண்டு முப்பத்தொரு டின் போனது, 2025-இல் இருபத்திரண்டுதான். இருபத்திரண்டுக்கும் பணம் வந்தது. அதிலிருந்து மாவுக்கும் எண்ணெய்க்கும் உள்ள பணத்தை அம்மாவே கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தாராம், தம்பி சொன்னான்.